பல்லில் படிந்த வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்குப் பல்லைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்காதீர்கள். என் முன்பற்கள் இரண்டிலும் பழுப்புக் கறை இருக்கிறது. அதுதான் தகுதி.

ஊர் நிலக்கோட்டைப் பக்கம். "பல்லு விளக்கிட்டுத்தான் வந்தியாடா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்காத ஆள் கிடையாது. அடுப்புக்கரி, செங்கல் தூள், உப்பு என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தாயிற்று. ஈறுதான் தேய்ந்தது, கறை போகவில்லை. குரூப் போட்டோ எதிலும் நான் வாய் திறந்து சிரித்தது இல்லை. போன மாதம் ஒரு பல் மருத்துவர், "வெனீர் போட்டுக்கலாம் தம்பி" என்றார். அது என்ன என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது.

முதலில் கறையின் கதை. 1901-ல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை. காரணம் தெரியவில்லை. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு முப்பது வருடம் அலைந்தார். ஆர்கன்சாஸில் பாக்சைட் என்று ஒரு சுரங்க ஊர். அங்கே 1909-ல் குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கறை வந்தது. அந்தத் தண்ணீரை அல்கோவா அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில் 1931-ல் சோதித்தார். குற்றவாளி ஃபுளோரைடு!

நம் பக்கம் என்ன நடந்தது? 1937-ல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவர் குழுவினரும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதே ஃபுளோரைடால் பல் மட்டுமல்ல, எலும்பும் முதுகும் இறுகிப்போனவர்களைப் பற்றி எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய தொடக்க ஆய்வு அதுதான்.

திண்டுக்கல் சமவெளியும் கெட்டியான பாறை பூமி. அந்தப் பாறையின் தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழத்தில் நெடுநாள் பாறையோடு கிடக்கும் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. கிணறு வற்ற வற்ற நாம் போர் போட்டோம். பாக்சைட் ஊரின் கதைதான் இங்கேயும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. நிலக்கோட்டை ஒன்றியத்தில் அதைத் தாண்டிய தண்ணீர் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி வெனீர். இது பிறந்தது சினிமாவில். 1928 வாக்கில் ஹாலிவுட் பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ், நடிகர்களின் பல் மேல் மெல்லிய ஓடுகளைத் தற்காலிகமாக ஒட்டிவிட்டார். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், சாப்பிட முடியாது. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் விழுந்த பால்பல்லை மறைத்ததும் இவர்தான். 1955-ல் பியூனோகோர் என்பவர், எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். 1983-ல் சிமன்சனும் கலாமியாவும் பீங்கானையும் அரித்து ஒட்டலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பயன்பட்டது எது தெரியுமா? ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கறையைக் கொடுத்த அதே ஃபுளோரின்தான் கறையை மூடும் ஓட்டை ஒட்டவும் உதவுகிறது!

ஆனால் பெரும்பாலும் பல்லைக் கொஞ்சம் செதுக்கித்தான் வெனீர் ஒட்டுகிறார்கள். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. ஒருநாள் ஓட்டை மாற்றவும் வேண்டிவரும். கறை லேசாக இருந்தால் மேற்பரப்பை மட்டும் மெருகேற்றும் சிகிச்சையே போதும் என்பதும் தேடும்போதுதான் தெரிந்தது.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செலவு ஒரு காரணம். இன்னொரு காரணம் அக்கா மகள். மூன்று வயது. அவளுடைய நிலைத்த பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரை குடிக்கும் தண்ணீர்தான் அவள் சிரிப்பைத் தீர்மானிக்கும். அக்காவோ, "கொதிக்க வச்சுத்தானேடா குடுக்குறேன்" என்கிறாள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றி அளவு கூடத்தான் செய்யும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. வருமுன் செய்யும் செலவு ஊருக்கே பலன் தரும். வந்தபின் செய்யும் செலவு ஒருவன் வாய்க்கு மட்டும். காமர்ஸ் மாணவனுக்கு இந்தக் கணக்கு புரியாதா?

அதனால் முதல் வேலையாக எங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கப் போகிறேன். வெனீர் பிறகு.

அடுத்த முறை பழுப்புப் பல்லோடு ஒருவனைப் பார்த்தால், "பல்லு விளக்கலையா?" என்று கேட்காதீர்கள். "எந்த ஊர்த் தண்ணி?" என்று கேளுங்கள்.