திண்டுக்கல்லைக் கைமாற்றிய சமாதானங்கள்

எங்கள் ஊர்க் கோட்டை மலையில் ஏறும்போதெல்லாம் யார் கட்டினார், யார் பிடித்தார் என்ற பட்டியல்தான் காதில் விழும். நாயக்கர், ஹைதர், திப்பு, கம்பெனி. இது போர்களின் வரலாறு என்றே நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். சமாதானங்களும் இந்த ஊரைக் கைமாற்றியிருக்கின்றன என்பது பின்னால்தான் உறைத்தது.

1783இல் கம்பெனிப் படை திண்டுக்கல்லை மைசூரிடமிருந்து பிடித்தது. அவரவர் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று 1784இல் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட, ஊர் திப்புவிடம் திரும்பியது. ஆறே வருஷம்; 1790இல் மறுபடி முற்றுகை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மைசூர் பாதி நிலத்தை இழந்தது. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். அதற்குப் பிணையாகத் திப்புவின் இரண்டு சிறு மகன்கள். மலபார், குடகு, பாராமகாலோடு திண்டுக்கல்லும் கம்பெனிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 1799இல் மீண்டும் போர், திப்புவின் சாவு. 1801இல் விருப்பாட்சி கோபால நாயக்கருக்குத் தூக்கு.

தோற்றவனை அவமானப்படுத்திய சமாதானம் நிலைக்காது என்பது எளிய பாடம். அது போதாது. 1784இல் அப்படி அவமானம் ஏதுமில்லை, அதுவும்தான் நிலைக்கவில்லை. இரண்டு பிரதிகளுக்கும் பொதுவானது வேறொன்று: இரண்டிலும் திண்டுக்கல் ஒரு சொத்து. அங்கே வாழ்ந்தவன் எந்தத் தரப்பிலும் இல்லை. மைசூரைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. ஹைதர் 1755இல் இங்கே வந்ததே பாளையக்காரர்களை அடக்கத்தான். 'எவன் ஜெயிச்சாலும் வரி கட்டப் போறது நாமதானே' என்று உழுதவன் நினைத்திருந்தால் அது அறியாமையல்ல, அரசியல் அறிவு.

பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். கச்சத்தீவு பற்றிய கூட்டங்களில் நானும் கை தட்டியவன். 1974 ஒப்பந்தம் 285 ஏக்கர் தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. மீனவரும் யாத்ரீகரும் முன்போல வந்துபோகலாம் என்று அதிலே ஒரு வரி இருந்தது. 1976 கடிதப் பரிமாற்றம் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதை நிறுத்தியது. இரண்டு முறையும் மீனவனைக் கேட்கவில்லை. அதன் விலையைச் சிறையாகவும் துப்பாக்கிச் சூடாகவும் ராமேஸ்வரம் கொடுத்துவருகிறது.

ஆனால் 'மீட்போம்' என்கிற நம் கோஷமும் தீவைச் சொத்தாகவே பார்க்கிறது. எதிர்க்கரையில் வலை விரிப்பவனும் தமிழன். போருக்குப் பின் கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து மீனவனின் வலையை அறுப்பது நம் பக்கத்து இழுவைப் படகு. இதைச் சொன்னால் துரோகம் என்பார்கள். சொல்லாமல் விட்டதைத்தான் நான் துரோகம் என்கிறேன்.

2010இல் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியைக் கைவிடுவது, அதுவரை நாட்களை வரையறுத்துக்கொள்வது என ஓர் இணக்கத்துக்கும் வந்தார்கள். அரசுகள் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. படகு முதலாளிகளின் முதலீடும் குறுக்கே நின்றது. இணக்கம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் 1784, 1792, 1974 ஆகிய மூன்றிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது: எல்லையில் பிழைப்பவனே பேசினான், தான் எதை விட்டுக்கொடுப்பது என்றும் பேசினான். எழுதுகிறவர்களும் இயக்கத்துக்காரர்களும் கையிலெடுக்க வேண்டியது தீவின் படத்தை அல்ல, பாதியில் நின்ற அந்தப் பேச்சை.