அகமார்புத் தமனி ஒட்டு

அகமார்புத் தமனி ஒட்டு என்பது, இதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுருத் தமனிகளில் அடைப்பு ஏற்படும்போது, மார்புச் சுவரின் உட்புறத்தில் ஓடும் தமனியைப் பிரித்தெடுத்து அடைப்புக்கு அப்பால் இணைக்கும் அறுவைச் சிகிச்சை முறையாகும். பேச்சு வழக்கில் பைபாஸ் எனப்படும் மாற்றுவழி அறுவைச் சிகிச்சையில் பயன்படும் ஒட்டுகளுள் நீண்ட காலம் அடைபடாமல் இருப்பது இதுவே. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே நாடி, நாளம் எனப்படுகின்றன. இக்கட்டுரை முதல் வழக்கைப் பின்பற்றுகிறது.)

உடற்கூறு

அகமார்புத் தமனிகள் இரண்டு. காறை எலும்புக்குக் கீழே செல்லும் பெருந்தமனியிலிருந்து கிளைத்து, மார்பெலும்பின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. தள்ளி, விலாக் குருத்தெலும்புகளுக்குப் பின்புறமாகக் கீழிறங்குகின்றன. ஆறாவது விலா இடைவெளியை அடைந்ததும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. மார்பெலும்புக்கும் விலா இடைத் தசைகளுக்கும் குருதி வழங்குவது இவற்றின் இயல்பான பணி.

இடப்புறத் தமனி, இதயத்தின் முன்புறம் இறங்கும் முதன்மையான முடியுருத் தமனிக்கு மிக அருகில் உள்ளது. ஆகவே அதன் மேல்முனையை வெட்டாமல், கீழ்முனையை மட்டும் துண்டித்து இதயத்துடன் தைத்துவிடலாம். காலிலிருந்து எடுக்கப்படும் சிரைக்கோ இரு முனைகளிலும் தையல் தேவை.

நீடித்து உழைப்பதற்குக் காரணம்

சிரை, குறைந்த அழுத்தத்தில் இயங்குவதற்கு உருவான குழாய். அதனைத் தமனியின் அழுத்தத்தில் பொருத்தினால் அதன் சுவர் நாளடைவில் தடிக்கிறது, கொழுப்பும் படிகிறது. அகமார்புத் தமனியின் உட்புற மீள்படலம் இடைவெளிகள் குறைந்தது. உட்படலம் நைட்ரிக் ஆக்சைடை மிகுதியாகச் சுரந்து குழாயை விரிந்த நிலையில் வைக்கிறது. 10 ஆண்டுகள் கழிந்த பின்னும் பத்தில் ஒன்பது அகமார்பு ஒட்டுகள் திறந்திருக்கின்றன. சிரை ஒட்டுகளில் ஏறத்தாழப் பாதி அதற்குள் அடைபட்டோ சுருங்கியோ விடுகின்றன.

வரலாறு

இத்தமனியை இதய நோய்க்குப் பயன்படுத்தும் எண்ணம் முதலில் வேறு வடிவில் தோன்றியது. தமனியைக் கட்டிவிட்டால் தேங்கும் குருதி பக்கக் கிளைகள் வழியே இதயத்தை அடையும் என 1950களில் நம்பப்பட்டது. நோயாளிகள் பலர் நெஞ்சுவலி குறைந்ததாகக் கூறினர். 1959 இல் அமெரிக்காவில் லியோனார்டு காப் குழுவினர் 17 நோயாளிகளை ஆராய்ந்தனர்: சிலருக்குத் தமனி கட்டப்பட்டது, மற்றவர்களுக்குத் தோலில் கீறல் மட்டும் இடப்பட்டது. தமக்குச் செய்யப்பட்டது எது என்பதை நோயாளிகள் அறியார். கீறல் மட்டும் பெற்றவர்களும் அதே அளவு நலமடைந்ததாகக் கூறினர்; அச்சிகிச்சை விரைவில் கைவிடப்பட்டது. இத்தகைய சோதனையை இன்றைய நெறிமுறைக் குழுக்கள் எளிதில் ஏற்குமா என்பது ஐயமே. ஆனால் அது பலரை வீண் அறுவையிலிருந்து காத்தது.

கனடாவின் ஆர்தர் வைன்பர்க் 1946 முதல், தமனியின் முனையை இதயத் தசைக்குள் நேரடியாகப் புதைத்துப் பார்த்தார். மனிதரில் நேரடி இணைப்பை 1960 இல் நியூயார்க்கில் ராபர்ட் கோட்ஸ் ஓர் உலோக வளையத்தின் துணையுடன் செய்தார். 1964 இல் லெனின்கிராட் நகரில் வசீலி கொலேசொவ் இதய நுரையீரல் இயந்திரம் இன்றியே தையலிட்டு இணைத்தார். 1967 இல் ரெனே ஃபவலோரோ கால் சிரையைப் பயன்படுத்தியதும் எளிதான அவ்வழியே உலகெங்கும் பரவியது. 1968 முதல் ஜார்ஜ் கிரீன் நுண்நோக்கியின் உதவியுடன் தமனி இணைப்பைச் செய்தபோதும் பெரும்பாலோர் சிரையை விடவில்லை. கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஃபிலாய்டு லூப் குழுவினர், அகமார்புத் தமனி பெற்றவர்கள் கூடுதல் காலம் உயிர்வாழ்வதை 1986 இல் காட்டிய பின்னரே நிலைமை மாறியது.

வரம்புகள்

இரு தமனிகளையும் எடுத்தால் மார்பெலும்புக்கான குருதி குறைகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆழ்ந்த தொற்று ஏற்படும் அபாயம் இதனால் கூடுகிறது. இந்தியா உட்பட 7 நாடுகளில் 3102 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் 10 ஆண்டு முடிவு 2019 இல் வெளிவந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும் இரண்டு பெறவேண்டியவர்களில் சிலர் ஒன்றையே பெற்றதால் விவாதம் ஓயவில்லை.

அடைப்பு மிதமாக இருந்தால், இயல்பான வழியில் வரும் குருதியோடு போட்டியிட்டு ஒட்டு நூல்போல் மெலிந்துவிடும். காறை எலும்புக்குக் கீழுள்ள தமனியிலேயே அடைப்பு இருந்தால் ஒட்டால் பயனில்லை. இரு கைகளிலும் குருதி அழுத்தம் பார்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நெருக்கடி நேர அறுவையில், விரைவாக எடுக்கக்கூடிய சிரையே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் 1949 இல் மார்பறுவைத் துறையைத் தொடங்கினார். அப்போது திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. திருவண்ணாமலை 1989 இல் தனி மாவட்டமாயிற்று. இந்தியாவின் முதல் மாற்றுவழி அறுவைச் சிகிச்சையை 1975 இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் (இறப்பு: 2025) செய்தார். தற்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்கும்.

பிளந்த மார்பெலும்பு கூடிவர ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை கனமான பொருள்களைத் தூக்குதல் கூடாது. அளவான நடை முதல் வாரத்திலிருந்தே ஊக்குவிக்கப்படுகிறது. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் போன்ற நீண்ட நடையை மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே மேற்கொள்ள வேண்டும்.