முதலில் பிரேக்கை ஏன் மிதிக்கணும்?

இந்த எபிசோடு பாகூர்ல, எங்க சித்தப்பா வீட்டுல தொடங்குது. முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டின மனுஷன். முட்டிவலி வந்ததால ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். முதல் நாள் ஏரிக்கரை ரோட்டுல, கியர் மாத்துற பழக்கத்துல இடது காலை ஓங்கி மிதிச்சார். அங்கே கிளட்ச் இல்லை, மிதிபட்டது பிரேக். பின்சீட்டுல இருந்த சித்தி முன்சீட்டுல முட்டிக்கிட்டு கேட்டாங்க: "கிளட்ச் இல்லாத வண்டிய எவன்யா கண்டுபிடிச்சான்?"

நல்ல கேள்வி. 1939 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 'ஹைட்ரா-மேட்டிக்'தான் பெரிய அளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் வந்தது. அதில் பார்க்கிங்குக்கு 'பி' கிடையாது. இன்ஜினை அணைச்சுட்டு லீவரை ரிவர்ஸில் போடணும். ரிவர்ஸும் 'லோ' கியரும் பக்கத்துப் பக்கத்துல. சேத்துல சிக்கின வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வசதிதான். ஆனா கை ஒரு இடம் தவறினா, முன்னால போகவேண்டிய வண்டி பின்னால பாயும்.

அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வரிசை வச்சாங்க. கிறைஸ்லர் 1956 மாடலில் லீவரையே எடுத்துட்டு பட்டன் வச்சது. கடைசியில் 1968-ல் அமெரிக்கச் சட்டம் தலையிட்டது: டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கணும், கியரில் இருக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

சரி, 'பி' உள்ளே என்ன செய்யுது? வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேர் பார்த்திருக்கீங்களா? பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிச்ச வழக்கத்தில் இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிற தேர். யார் இழுத்தாலும், சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை இருந்தா நகராது. 'பி'யும் அதுதான். கியர் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தில் விழும் சின்ன இரும்புக் கட்டை.

அந்தக் கட்டையை எடுக்க பிரேக்கை ஏன் மிதிக்கணும்? 1986-ல் ஆடி 5000 கார்கள் தானாகவே பாயுதுன்னு அமெரிக்க டிவியில் பெரிய பரபரப்பு. விற்பனை சரிஞ்சது. 1989-ல் அரசு ஆய்வு சொன்னது: பெரும்பாலும் பிரேக்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்காங்க. ஆடி ஒரு பூட்டு வச்சது. பிரேக்கை மிதிச்சாத்தான் லீவர் 'பி'யை விட்டு வரும். 2010 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் அது கட்டாயம்.

நம்ம ஊருக்கு வருவோம். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டிதான் சின்ன பட்ஜெட் வீடுகளுக்கு ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. அதில் கிளட்ச் இருக்கு, பெடல்தான் இல்லை. கிளட்சை இயந்திரமே பார்த்துக்கும். ஆனா 'பி' கிடையாது. அதனால நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்தான் முட்டுக்கட்டை. மறந்தா வண்டி சரிவுல உருளும்.

சித்தப்பா வண்டியும் ஏஎம்டிதான். அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இடது காலுக்கு ஓய்வு, ஓரமா வைங்க. வலது கால் பிரேக்கில். நியூட்ரலில் ஸ்டார்ட், பிறகு 'டி', ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க. பிரேக்கை மெதுவா விடுங்க, வண்டி தானா ஊரும். அப்புறம்தான் ஆக்சிலரேட்டர்.

இப்போ நல்லாவே ஓட்டுறார். சித்தி மட்டும் இன்னும் பின்சீட்டுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டேதான் வர்றாங்க.