எருக்கிலையும் கரித்துண்டும்

கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூரைச் சுற்றியுள்ள சாலையோரங்களில் ஆவாரையும் எருக்கும் யாரும் நடாமலே வளர்ந்து கிடக்கின்றன. பொங்கல் வந்தால் ஆவாரம்பூ காப்புக் கட்டப் போகும். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் எருக்கம்பூ மாலையாகும். மற்ற நாளில் இரண்டையும் ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. மா மரத்துக்கு இருக்கும் மரியாதை இந்தச் செடிகளுக்கு இந்த மாவட்டத்தில் கிடையாது.

ஆனால் 1839-இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் இரண்டும் பெயரோடு இடம்பிடித்தன. எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாகச் சேலம் பக்கம் இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் எஃகு செய்யும் முறையை அவர் விவரித்தார். தட்டித் தேறிய இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். களிமண் மூசைக்குள் அதை வைத்து, காய்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்ப்பார்கள். மேலே ஓரிரு பச்சை எருக்கிலை. எருக்கு கிடைக்காவிட்டால் வேறொரு கொடியின் இலை. மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, துருத்தி போட்டு ஊதுவார்கள். சூடாறியபின் மூசையை உடைத்தால் உள்ளே உருண்டை எஃகு.

குச்சி கரியாகி இரும்புக்குள் கார்பன் ஏறுகிறது. பச்சிலையிலிருந்து எழும் வாயு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. இப்படித்தான் ஹீத் விளக்கினார். இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இரண்டு முறைகளின் தத்துவம் இந்த ஒரே மூசைக்குள் அடங்கியிருக்கிறதே என்று வியக்கவும் செய்தார். அடுத்த மூச்சிலேயே, இது ஆராய்ந்து கண்டுபிடித்ததாக இருக்க முடியாது, நவீன வேதியியல் இல்லாமல் இதற்கு விளக்கம் ஏது என்றும் முடிவு கட்டினார். எந்தக் கொல்லரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார், அவர் பெயரென்ன, எருக்கிலை எதற்கு என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் என்ன? இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. செய்முறை கப்பலேறியது, சொன்னவர் கரையிலேயே நின்றுவிட்டார்.

ஹீத்துக்கு 40 ஆண்டுக்கும் முன்பே இந்த எஃகு லண்டனில் பெரிய புதிர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அதைச் சோதித்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தபோது, ‘வூட்ஸ்’ என்ற பெயர் அச்சேறியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு ‘உக்கு’ என்று பெயர், தமிழில் ‘உருக்கு’. கேட்டவர் காதிலோ எழுதியவர் கையிலோ அது திரிந்து ‘வூட்ஸ்’ ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. மூன்று மொழியும் ஒரே சந்தையில் புழங்கும் ஓசூர்க்காரருக்கு இந்தத் திரிபு ஒன்றும் அதிசயமல்ல.

அந்த எஃகைக் கையிலெடுத்த இன்னொருவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டு, அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். 1819-இல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்தார். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டோடு சேர்ந்து, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் என்று எதையெதையோ கலந்து உருக்கினார். அந்த எஃகில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார். வூட்ஸின் ரகசியம் அதிலுள்ள அலுமினியத்தில் இருக்கிறது என்று கருதினார். அது தப்பு. சரியான விடை கார்பன்: சாதாரண எஃகில் இருப்பதைவிட மிக அதிகமாக, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை. ஃபாரடேவின் எஃகுத் துண்டுகள் ஒரு பெட்டியில் நூறாண்டுக்கும் மேல் தூங்கின. ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற உலோகவியலாளர் அவற்றை எடுத்துச் சோதித்து 1931-இல் புத்தகம் எழுதினார்.

இதே ஃபாரடேதான் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பொதுமக்களுக்கான வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சுகளைத் தொடங்கிவைத்தார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-இல் அங்கே ஆரம்பித்தன. அவற்றில் 19 தொடர்களை அவரே நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது எப்படி எரிகிறது என்பதிலிருந்து வேதியியல் முழுவதையும் விரித்த ஆறு பேச்சுகள் உலகப் புகழ் பெற்றவை. படிக்காதவரும் பிள்ளைகளும் விஞ்ஞானியிடம் நேருக்கு நேர் கேட்கலாம் என்ற வழக்கத்துக்கு அந்த மண்டபம் ஒரு நாற்றங்கால். எஃகு இங்கிருந்து போனது, கேள்வி கேட்கும் திண்ணை அங்கே அமைந்தது. உலையடியில் உட்கார்ந்திருந்த கொல்லருக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை.

இரும்பு உருக்கும் தொழில் இந்தப் பக்கத்தில் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு மண்ணே சாட்சி. சேலம் கஞ்சமலையிலும் அரூர் பக்கத்துத் தீர்த்தமலையிலும் காந்தம் இழுக்கும் இரும்புப் பாறைப் படுகைகள் உண்டு. இந்தியப் புவியியல் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1860-களில் சேலம் ஜில்லாவை அளந்தபோது அவற்றைப் பட்டியலிட்டார்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தைத் திறந்துவிட்ட அதே ஃபூட்தான். ஆனால் சிற்றுலைக்காரர்கள் மலையைக் குடைந்து சிரமப்படவில்லை. மழை பெய்து ஓடை வடிந்ததும் படுகையில் தங்கும் கருமணலை வாரி, மரத்தொட்டியில் அலசினால் கனமானது அடியில் நிற்கும். அதுதான் தாது. ஆள் உயரம்கூட இல்லாத மண் உலை, மாறி மாறி மிதிக்கவோ அமுக்கவோ இரண்டு தோல் துருத்தி, மூட்டை மூட்டையாகக் கரி. நாள் முழுக்க ஊதினால் உலையடியில் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி தேறும். அதைச் சிவக்கச் சிவக்க அடித்துக் கசடைப் பிதுக்கி எடுத்தால் இரும்பு.

இரும்பைவிடக் கரிதான் அதிகம் செலவாகும். தொழிலின் உயிரும் சாவும் அங்கேதான் இருந்தது. ஹீத்தின் பரங்கிப்பேட்டை ஆலை கரிக்காகக் காட்டைத் தின்றும் நிலைக்கவில்லை. 1882-இல் மதராஸ் வனச்சட்டம் வந்து காடுகள் வேலிக்குள் போயின. ரயிலேறி வந்த இங்கிலாந்து இரும்புப் பாளம் உள்ளூர்க் கட்டியைவிட மலிவாக விற்றது. துருத்தி ஊதியவர்கள் கலப்பைக் கொழு அடிக்கும் பட்டறையோடு நின்றார்கள். வயல் வரப்புகளில் கறுப்பாய், கண்ணாடிப் பளபளப்போடு, கையிலெடுத்தால் கல்லைவிடக் கனக்கும் கிட்டம் மட்டும் மிஞ்சியது.

இனி 2021. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலைக்காக 500 ஏக்கரில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதே ஆண்டில், பர்கூர் வட்டம் தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை குழி தோண்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கொடுமணலில் எஃகு உலைகளை அகழ்ந்த கா. ராஜன் 2003-இலேயே இங்கே அகழாய்வு செய்திருந்தார். மலைச்சரிவில் பெருங்கற்காலக் கல்லறைகள், பாறையில் ஓவியங்கள், புதிய கற்காலக் கைக்கோடரிகள். 2021-இல் ஒரு கல்லறையிலிருந்து சுமார் 70 செ.மீ. நீள இரும்பு வாளும் வந்தது.

ஆனால் உலகச் செய்தியானது வாள் அல்ல, கரி. குழியின் 104 செ.மீ. ஆழத்திலும் 130 செ.மீ. ஆழத்திலும் எடுத்த மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. மேல் மாதிரிக்கு கி.மு. 1615, கீழ் மாதிரிக்கு கி.மு. 2172 என்று விடை வந்தது. 2022 மே 9 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இதை அறிவித்தார். 4,200 ஆண்டு என்ற எண் மறுநாள் டீக்கடை வரை வந்துவிட்டது. எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற பகுதி வந்து சேரவில்லை. எண்கள் பேருந்தில் வரும், அவற்றின் காரணங்கள் நடந்துதான் வரும் போலிருக்கிறது.

முதலில் தெளிய வேண்டியது, தேதி இரும்பின் தேதியல்ல. இரும்போடு கிடந்த கரியின் தேதி. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை வாங்கிக்கொண்டே இருக்கும். அதில் கதிரியக்கமுள்ள கார்பன்-14 மிகச் சிறு அளவில் கலந்திருக்கும். மரம் செத்ததும் வரத்து நின்றுவிடும். இருப்பு மட்டும் 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் கரையும். ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிற மாவட்டத்துக்கு இப்படிச் சொல்லலாம்: இது உயிர் போன பிறகு ஓடத் தொடங்கும் கடிகாரம். வில்லார்டு லிப்பி 1949-இல் இந்த முறையை வெளியிட்டு, 1960-இல் நோபல் பரிசு பெற்றார். காற்றிலுள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பது பிறகு தெரியவந்தது. அதனால் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்குக் கார்பன் கணக்கு புதிதுமல்ல. பக்கத்துத் திருப்பத்தூரின் பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து, புதிய கற்காலத்துக்கு மேல் இரும்புக்காலம் அடுக்கடுக்காய் இருப்பதைக் கண்டது. அங்கே எடுத்த கரியின் வயதை பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கணித்தது. அன்றைக்கு உள்ளங்கையளவு கரி வேண்டும். இன்றைக்கு முடுக்கிக் கருவி அணுக்களையே எண்ணிவிடுவதால் சில மில்லிகிராம் போதும்.

இங்கேதான் விஞ்ஞானிகளிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்விகள் தொடங்குகின்றன. எல்லாம் சாமானியர் கேட்கக்கூடியவைதான். கரியும் இரும்பும் ஒரே நாளில் மண்ணுக்குள் போனது என்று எப்படித் தெரியும்? எலி வளை தோண்டினாலோ பிற்காலத்தில் யாராவது குழி வெட்டினாலோ மேலுள்ளது கீழே போகுமே? அதனால்தான் ஒற்றைத் தேதியை நம்பாமல், ஆழம் கூடக்கூட வயதும் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். மயிலாடும்பாறையில் அந்த வரிசை சரியாக நிற்கிறது. அடுத்த கேள்வி: கரியான மரம் எவ்வளவு வயதான மரம்? முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் வைரம் எரிந்திருந்தால், கடிகாரம் மரம் வெட்டிய நாளையா காட்டும்? வைரம் உருவான நாளைத்தான் காட்டும். எரிந்தது முதிர்ந்த மரமா, ஆவாரை மாதிரிக் குச்சியா என்பதைப் பொறுத்துச் சில நூற்றாண்டுகள் முன்பின் போகலாம். கரித்துண்டை உருப்பெருக்கியில் வைத்து மரத்தின் இனத்தை அடையாளம் காண வழியுண்டு. சிறு குச்சி, விதை, தவிடு கிடைத்தால் ஆய்வாளர்கள் முகம் மலர்வது அதனால்தான்.

மூன்றாவது கேள்வி எகிப்திலிருந்து வருகிறது. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த இரும்புக் குத்துவாள் மனிதர் உருக்கியதல்ல, விண்கல்லை அடித்துச் செய்தது என்று 2016-இல் உறுதியானது. அதிலுள்ள மிகுதியான நிக்கல் காட்டிக்கொடுத்தது. எகிப்தின் கெர்சேயில் கிடைத்த, 5,000 ஆண்டுக்கும் முந்திய இரும்பு மணிகளும் அந்த வகைதான். ஆகவே பழைய இரும்பு என்று யார் சொன்னாலும், உருக்கியதா, வானத்திலிருந்து விழுந்ததா என்று கேட்பது குதர்க்கமல்ல. தமிழகக் கல்லறைகளில் வாளும் ஈட்டியும் கோடரியுமாக இரும்பு குவிந்து கிடப்பது உருக்கும் தொழில் வேரூன்றியிருந்ததற்கு வலுவான சான்று. விண்கல் அவ்வளவு தாராளமாக விழாது. ஆனாலும் கி.மு. 2172-ஐச் சேர்ந்த உலையும் கிட்டமும் கைக்கு வந்தால்தான் வாதம் முழுமையாகும். மயிலாடும்பாறை தந்தது இரும்பை, உலையை அல்ல.

இந்தக் கேள்விகளின் சூடு 2025 ஜனவரி 23-இல் இன்னும் ஏறியது. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சென்னையில் வெளியானது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த கரிக்கு கி.மு. 3345 வரை வயது சொன்னது அது. இம்முறை மாதிரிகள் ஒரே ஆய்வகத்துக்குப் போகவில்லை. ஃபுளோரிடாவோடு லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் ஆகியவையும் பார்த்தன. கரியை மட்டும் நம்பாமல், மணல் பரல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று அளக்கும் ஒளிர்வு முறையும் சேர்ந்தது. அதற்கான மண்ணை வெளிச்சம் படாமல் எடுத்து மூடி அனுப்ப வேண்டும். ஒரு நிமிட வெயில் பட்டால் அந்தப் பரலின் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் நாட்டிலிருந்தே இரும்பு உலகெங்கும் பரவியது என்ற பழைய பாடத்தை இந்தத் தேதிகள் அசைக்கின்றன. அசைப்பது வேறு, பெயர்ப்பது வேறு. இன்னும் பல இடங்களில் இதே வரிசை வரும்வரை அறிஞர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படிக் கேட்பதைத் தமிழுக்கு எதிரான சதி என்று எடுத்துக்கொண்டால் நட்டம் நமக்குத்தான்.

ஹீத் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கள ஆய்வுக்கு வரும் தொல்லியலாளர் ஊரில் முதலில் தேடுவது ஆடு மேய்ப்பவரை. மலையில் எந்தப் பலகைக்கல் எங்கே சாய்ந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கல்திட்டையைக் காட்டி இதென்ன என்று கேட்டால், ‘மோரியர் வீடு’ என்று பதில் வரும். குள்ளமாய் இருந்த பழைய சனங்கள், நெருப்பு மழை பெய்தபோது உள்ளே ஒளிந்துகொண்டார்கள் என்று கதையும் வரும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் மல்லசந்திரம் மாதிரி ஒரு குன்று முழுக்கக் கல்திட்டைகள் நிற்கும். பிறகு ஆய்வாளர் பையிலிருந்து கறுப்புக் கட்டி ஒன்றை எடுத்து, “இந்த மாதிரிக் கல்லு ஏர் ஓட்டும்போது எங்கயாச்சும் மாட்டுமாங்க?” என்பார். வரப்போரம் கொட்டி வைத்திருக்கும் குவியலைக் கை காட்டுவார்கள்.