அம்பாசிடரும் கோடை வெயிலும்

1893-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர்களான டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினர். நுண்துளை வழியே பெட்ரோலைத் தூவிக் காற்றுடன் கலக்கும் அக்கருவி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மோட்டார் வண்டிகளின் மூச்சாக விளங்கிற்று.

1957-இல் வங்கத்து உத்தரப்பாராவில் உருவான அம்பாசிடரும் அம்மரபினதே. அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. குளிர்நாட்டு வண்டி வடநாட்டுக் கோடையில் திணறியதில் வியப்பில்லை. வெப்பத்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால், பம்பு அதனைத் தள்ள இயலாது, எஞ்சின் நின்றுவிடும்.

ஒருமுறை ஆக்ரா சாலையில், குழந்தைகள் வெயிலில் வாட, நாங்கள் கார்புரேட்டரையே கழற்ற முனைந்தோம். வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றினார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிற்று. சூடேறிய பின் நின்றால் பெரும்பாலும் ஆவியே காரணம். குளிர்ந்த நிலையிலும் திணறினால் அடைப்பையோ நீரையோ ஐயுறவேண்டும் என்று அன்று தெளிந்தோம்.

2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலோ பழைய ரப்பர்க் குழாய்களை நலிவிக்க வல்லது. ஆதலின் பழைய வண்டியைப் பேணும் நேயர்கள் முதலில் குழாயை நோக்குக. பின்னரே கார்புரேட்டரைத் தொடுக. நோயறியாது மருந்திடுதல் வண்டிக்கும் தீங்கே.