மரங்கள் அடர்ந்த தெருவில் விழுந்த கற்கள்

அமைதியான ஏரியா, மரங்கள் நிறைந்த தெரு, பக்கத்திலேயே நல்ல பள்ளி. பிள்ளைகளை வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் வீடு தேடும்போது கேட்பது இதைத்தான். கேட்பதில் தவறில்லை. ஆனால் 'நல்ல ஏரியா' தானாக முளைப்பதில்லை. அது உருவாக்கப்பட்ட விதத்தை அமெரிக்காவின் வரலாறு அப்பட்டமாகக் காட்டுகிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் குடும்பங்களுக்காக, 1947-ல் நியூயார்க் அருகே லெவிட் நிறுவனம் ஒரு புறநகரைக் கட்டத் தொடங்கியது. பெயர் லெவிட்டவுன். 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எளிய தவணைக் கடன். ஆனால் தொடக்ககால ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: வெள்ளையரைத் தவிர யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. பாத்திரம் துலக்க வரலாம், குடிவரக் கூடாது. ஊரும் சேரியும் அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இது ஒரு முதலாளியின் வெறுப்பு மட்டுமல்ல. 1934-ல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம்தான் இத்தகைய கடன்களுக்கு உத்தரவாதம் தந்தது. கறுப்பர் வாழும் பகுதிகளை அது கடனுக்குத் தகுதியற்றவையாக ஒதுக்கியது. இத்தகைய நிபந்தனைகளையும் பரிந்துரைத்தது. அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் லெவிட் வெள்ளையருக்கு மட்டுமே விற்றார்.

1957 ஆகஸ்டில், பென்சில்வேனியாவில் இருந்த இன்னொரு லெவிட்டவுனில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி தங்கள் மூன்று பிள்ளைகளுடன் குடியேறினர். வீட்டை முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியிருந்தார்கள். வில்லியம் முன்னாள் படைவீரர், டெய்சி பட்டதாரி. அப்படியும் நூற்றுக்கணக்கானோர் இரவு இரவாகத் திரண்டார்கள். கல்லெறிந்து ஜன்னலை உடைத்தார்கள். துணை நின்ற பக்கத்து வீட்டுக்காரரின் சுவரில் 'கே.கே.கே.' என்று எழுதினார்கள். மாநில அரசு நீதிமன்றத் தடையாணை பெற்ற பிறகுதான் கூட்டம் அடங்கியது. மையர்ஸ் குடும்பம் ஓடவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து காட்டியது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1917-ல், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கரை பரோடாவின் பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பும் பதவியும் ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை, அங்கும் இங்கும்.

1968-ல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையரின் வீட்டு மதிப்பு ஏறியிருந்தது. கறுப்பர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளுக்கான நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த பகுதிக்கு வளமான பள்ளி. இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சாசனத்துக்கு எதிரானதல்ல என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே, டெட்ராய்ட் நகரப் பள்ளிகளின் இனப்பிரிவினையைப் போக்க, புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து மாணவர்களைக் கலக்கும் திட்டத்தை 5-4 என்ற கணக்கில் நிராகரித்தது. சுவர் எழுப்பத் தேவையில்லாமல் போயிற்று. பள்ளி மாவட்ட எல்லைக்கோடே போதும்.

தோழர்களே, 'நல்ல பள்ளி இருக்கும் ஏரியா' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்கே கடன் யாருக்குக் கிடைத்தது? வீடு யாருக்கு மறுக்கப்பட்டது? எல்லைக்கோட்டை வரைந்தது யார்? நம் கோரிக்கை அந்தத் தெருவில் நமக்கும் ஒரு வீடு என்பதோடு நிற்கக் கூடாது. எந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் நல்ல பள்ளி என்பதே நம் கோரிக்கை.