ஸ்டாண்டர்டு ஹெரால்டு எந்திரத் திறன் மேம்பாடு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு எந்திரத் திறன் மேம்பாடு என்பது, சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வகை மகிழுந்தின் 948 சி.சி. பெட்ரோல் எந்திரத்தை, அதன் தொழிற்சாலை நிலையிலிருந்து கூடுதல் திறன் தரும் நிலைக்கு மாற்றியமைக்கும் பணிகளைக் குறிக்கும். சோழவரம் ஓடுதளத்தில் நடைபெற்ற மகிழுந்துப் பந்தயங்களில் இவ்வகை எந்திரங்கள் பெரிதும் பயன்பட்டன. தற்காலத்தில் பழமையான மகிழுந்துகளைப் பேணுவோர் இப்பணிகளில் சிலவற்றை மேற்கொள்கின்றனர். எந்திரத்தின் அமைப்பு எளியதாகையால், உள் எரி பொறியின் அடிப்படைகளைக் கற்போருக்கும் இது நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

வரலாறு

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 1948 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதன் தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் அமைந்திருந்தது. பிரித்தானிய டிரையம்ப் ஹெரால்டு மகிழுந்தை இந்நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உற்பத்தி செய்தது. பின்னர் இதன் வழிவந்த நான்கு கதவு வண்டி ஸ்டாண்டர்டு கேசல் என்ற பெயரில் 1970களில் விற்பனையானது.

பிரித்தானியாவில் ஹெரால்டின் எந்திரம் படிப்படியாகப் பெரிதாக்கப்பட்டது. 1961 இல் 1147 சி.சி. எந்திரமும், 1967 இல் 1296 சி.சி. எந்திரமும் அங்கு பொருத்தப்பட்டன. இந்தியாவிலோ 948 சி.சி. எந்திரமே இறுதிவரை நீடித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அக்காலத்தில் பெரிய எந்திரத்தை வரவழைப்பது எளிதன்று. ஆகவே கூடுதல் திறன் வேண்டியோர், கையிலிருந்த எந்திரத்தையே செப்பனிட்டு மேம்படுத்த வேண்டியிருந்தது.

இதற்குச் சென்னையின் தொழிற்சூழல் துணைநின்றது. 1949 இல் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ், 1961 இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் முதலிய உதிரிபாக உற்பத்தி நிறுவனங்கள் இந்நகரில் இயங்கின. சிலிண்டர் துளைத்தல், கிராங்க் தண்டு சாணை பிடித்தல் போன்ற பணிகளைச் செய்யும் கடைசல் பட்டறைகளும், புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையும் பந்தய ஆர்வலர்களுக்கு உதவின.

சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால வானூர்தி ஓடுதளம் ஒன்று பந்தயக் களமாகப் பயன்பட்டது. 1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கு பந்தயங்களை நடத்தியது. பியட், அம்பாசடர், ஹெரால்டு ஆகிய உள்நாட்டு வண்டிகளின் மேம்படுத்தப்பட்ட வடிவங்கள் இங்கு போட்டியிட்டன. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்ட பின்னர் சோழவரப் பந்தயங்கள் முடிவுக்கு வந்தன.

எந்திரத்தின் அமைப்பு

இது நீரால் குளிர்விக்கப்படும் நான்கு சிலிண்டர் எந்திரம் ஆகும். கட்டையும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பால் ஆனவை. வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்து, பக்கவாட்டுக் கேம் தண்டினால் தள்ளுகோல் வழியாக இயக்கப்படுகின்றன. கிராங்க் தண்டு மூன்று முதன்மைத் தாங்கிகளில் சுழல்கிறது. தீப்பற்றும் வரிசை 1-3-4-2 ஆகும்.

அக்கால இந்திய மகிழுந்து எந்திரங்களின் அளவுகள் வருமாறு:

* ஸ்டாண்டர்டு ஹெரால்டு: விட்டம் 63 மி.மீ., வீச்சு 76 மி.மீ., கொள்ளளவு 948 சி.சி.
* பிரீமியர் பத்மினி: விட்டம் 68 மி.மீ., வீச்சு 75 மி.மீ., கொள்ளளவு 1089 சி.சி.
* அம்பாசடர் (பெட்ரோல், பழைய வகை): விட்டம் 73 மி.மீ., வீச்சு 88.9 மி.மீ., கொள்ளளவு 1489 சி.சி.

மூன்றிலும் வீச்சு விட்டத்தை விட மிகுதி. இத்தகைய எந்திரங்கள் குறைந்த வேகத்தில் நன்கு இழுக்கும். மிகுந்த சுழற்சிக்கு உகந்தவை அல்ல. ஹெரால்டு எந்திரத்தின் தலைப்பகுதியில் ஆறு துளைவழிகள் உள்ளன. வெளியேற்றத்திற்கு நான்கு வழிகள் இருப்பினும், உள்ளிழுப்பில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வழி வீதம் இரண்டு மட்டுமே உண்டு. எந்திரத்தின் மூச்சைக் கட்டுப்படுத்தும் முதன்மைத் தடை இதுவே.

அடிப்படைத் தத்துவம்

எந்திரத்தின் திறன் என்பது அதன் முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே திறனைக் கூட்ட இரண்டு வழிகளே உள்ளன. ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் முறுக்குவிசையைப் பெறுவது ஒன்று. இருக்கும் முறுக்குவிசையைக் கூடுதல் வேகத்திலும் குறையாமல் காப்பது மற்றொன்று.

இதனைப் பிரித்தானிய ஹெரால்டிலேயே காணலாம். ஒற்றைக் கார்புரேட்டர் பொருத்திய 948 சி.சி. வண்டி 4500 சுழற்சியில் 34.5 குதிரைத்திறன் தந்தது. இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் பொருத்திய கூபே வகை ஏறத்தாழ 5800 சுழற்சியில் 45 குதிரைத்திறன் தந்தது. இவ்விரு புள்ளிகளிலும் முறுக்குவிசையைக் கணக்கிட்டால் இரண்டும் சுமார் 55 நியூட்டன் மீட்டர் என்றே வருகிறது. அதாவது கூடுதலான 10.5 குதிரைத்திறன் முழுவதும், எந்திரம் மேல் வேகத்திலும் தடையின்றி மூச்சு விட்டதால் கிடைத்ததாகும். நெரிசலான நகரச் சாலையில் 2000 முதல் 3000 சுழற்சியில் ஓடும் வண்டிக்கு இந்த ஆதாயம் அரிதாகவே பயன்படும்.

மேம்பாட்டுப் படிகள்

முதற்படி: நலம் மீட்டல்

பல்லாண்டுகள் ஓடிய எந்திரம் தனது தொழிற்சாலைத் திறனையே இழந்திருக்கும். எனவே மேம்பாட்டிற்கு முன் இழந்ததை மீட்பது முறை. நான்கு சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தை அளந்து, அவற்றுக்கிடையே வேறுபாடு பத்து விழுக்காட்டிற்குள் உள்ளதா எனக் காண வேண்டும். குறைந்த அழுத்தமுள்ள சிலிண்டரில் சிறிது எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் தேய்மானம் பிஸ்டன் வளையங்களில் உள்ளது. உயராவிடில் குறை பெரும்பாலும் வால்வுகளிலோ தலைப்பகுதிக் காப்பட்டையிலோ உள்ளது.

வால்வு இடைவெளி 0.010 அங்குலம், தொடுமுனை இடைவெளி 0.015 அங்குலம், தீப்பொறிச் செருகி இடைவெளி 0.025 அங்குலம் என அமைப்பது வழக்கம். இவற்றுடன் தீப்பற்று நேரத்தையும் சரிசெய்தாலே பல வண்டிகளில் வேறுபாடு உணரப்படும்.

இரண்டாம் படி: தீப்பற்று அமைப்பும் வெளியேற்றமும்

தொடுமுனைகளுக்கு மாற்றாக மின்னணுத் தூண்டி பொருத்துவது உச்சத் திறனைக் கூட்டுவதில்லை. எனினும் தீப்பற்று நேரம் தேய்மானத்தால் விலகாமல் காக்கிறது. அடுத்து, வார்ப்பிரும்பு வெளியேற்றக் கூட்டுக்குழாய்க்கு மாற்றாக, நான்கு தனிக்குழாய்கள் இரண்டாகி, பின் ஒன்றாகும் அமைப்பைப் பொருத்துவர். ஒரு சிலிண்டரின் வெளியேற்ற அலை அடுத்ததைத் தடுக்காமல் இருப்பதே இதன் பயன்.

மூன்றாம் படி: தலைப்பகுதி வேலை

வழிகளின் உட்புறத்திலுள்ள வார்ப்பு மேடுகளையும், காப்பட்டை விளிம்பில் உள்ள படிகளையும் நீக்கிச் சீராக்குவது துளைவழிச் செம்மை எனப்படும். வழியை மிகப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, கீழ்ச்சுழற்சியில் இழுவை கெடும். வால்வு இருக்கையின் அருகிலுள்ள சிறு பகுதியைச் செம்மை செய்வதே மிகுந்த பயன் தருவது.

தலைப்பகுதியின் அடிப்பரப்பைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்தலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 236.9 சி.சி. அமுக்க விகிதம் 8 ஆக இருக்க எரியறையின் மொத்தப் பருமன் 33.8 சி.சி. இருக்க வேண்டும், விகிதம் 9 ஆக வேண்டுமெனில் அது 29.6 சி.சி. ஆகக் குறைய வேண்டும். கொள்கையளவில் இம்மாற்றம் வெப்பத்திறனை 56.5 விழுக்காட்டிலிருந்து 58.5 விழுக்காடாக்குகிறது. அதே எரிபொருளில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு கூடுதல் வேலை கிடைக்கும். இது எல்லாச் சுழற்சி வேகங்களிலும் கிடைப்பதால் சாலை வண்டிக்கு ஏற்றது. சீவிய உலோகத்தை மீண்டும் சேர்க்க இயலாது என்பதால், எரியறைகளை எண்ணெயும் அளவுக்குழாயும் கொண்டு அளந்த பின்னரே சீவ வேண்டும். தள்ளுகோல் நீளமும் வால்வு இடைவெளியும் அதன்பின் மீண்டும் சரிபார்க்கப்படும்.

நான்காம் படி: கார்புரேட்டரும் கேம் தண்டும்

இரட்டைக் கார்புரேட்டர் அமைப்பில் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்குமாறு இணக்க வேண்டும். இணக்கம் தவறினால் ஒற்றைக் கார்புரேட்டரை விட மோசமான ஓட்டமே கிடைக்கும். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் தண்டு மேல் வேகத்தில் திறனைத் தரும். ஆனால் நின்ற நிலையில் எந்திரம் குலுங்கும், கீழ்ச்சுழற்சி இழுவை குறையும்.

ஐந்தாம் படி: கொள்ளளவைக் கூட்டல்

சிலிண்டரை 0.040 அங்குலம் கூடுதலாகத் துளைத்து, அதற்கேற்ற பிஸ்டன்களைப் பொருத்தினால் கொள்ளளவு சுமார் 978 சி.சி. ஆகும். கூடுதல் வெறும் 3.2 விழுக்காடே. எனவே தேய்ந்த சிலிண்டரைச் செப்பனிடும்போது கிடைக்கும் சிறு பயனாக மட்டுமே இதனைக் கருதலாம். திறனுக்காக நல்ல சிலிண்டரைத் துளைப்பது கட்டையின் எஞ்சிய ஆயுளை வீணாக்குவதாகும்.

எல்லைகளும் இடர்களும்

சுழற்சி வேகத்தைக் கூட்டும்போது பிஸ்டன் மீதான நிலைம விசை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. 4500 இலிருந்து 6000 சுழற்சிக்குச் செல்லும்போது இவ்விசை ஏறத்தாழ 1.78 மடங்காகும். மூன்று தாங்கிகளைக் கொண்ட கிராங்க் தண்டுக்கு இது பெருஞ்சுமை. ஆகவே பந்தய எந்திரங்களில் கிராங்க் தண்டு, இணைப்புத் தண்டுகள், பிஸ்டன்கள் ஆகியவற்றை எடைச் சமன் செய்வது இன்றியமையாதது. கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் உந்துவளையங்கள் தேய்ந்து கழன்று விழுவது இவ்வெந்திரக் குடும்பத்தின் அறியப்பட்ட குறைபாடு. அவ்வாறு விழுந்தால் கட்டையே பழுதாகக்கூடும்.

சென்னையின் வெப்பமும் கருதத்தக்கது. 15 பாகை செல்சியசு காற்றை விட 40 பாகைக் காற்று சுமார் 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது; திறனும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். எந்திர அறையின் சூடான காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றை வடிகட்டிக்குக் கொணர்வது செலவு குறைந்த மேம்பாடாகும். உயர்ந்த அமுக்க விகிதம் வெப்பத்தில் தட்டொலியைத் தூண்டும் என்பதால், கதிர்வீசியையும் நீர்வழிகளையும் முதலில் தூய்மை செய்ய வேண்டும்.

எந்திரத்திற்கு அப்பாலும் இடர்கள் உள்ளன. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசல் அச்சில் அமைந்தவை. வளைவில் திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்சக்கரம் உட்புறம் மடிந்து வண்டி நிலைகுலையலாம். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயர்வதால் டிரம் தடைகள் விரைவில் சூடேறித் தளரும். சாந்தோம், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் நின்ற வண்டிகளின் அடிச்சட்டம் உப்புக்காற்றால் அரிக்கப்பட்டிருக்கலாம். எனவே அடிச்சட்டம், தடைகள், திருப்பு அமைப்பு ஆகியவற்றைச் சரிசெய்த பின்னரே எந்திரத்தைத் தொடுவது பாதுகாப்பானது.

இன்றைய எரிபொருள்

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் நாள் முதல் நிறுத்தப்பட்டது. ஈயம் வால்வு இருக்கைக்கு மசகுபோலப் பயன்பட்டது. அது இல்லாதபோது, நெடுநேர உயர்வேக ஓட்டத்தில் மென்மையான வார்ப்பிரும்பு இருக்கைகள் தேய்ந்து உள்வாங்கும். தலைப்பகுதியைப் பிரிக்கும்போதே கடினமாக்கப்பட்ட வெளியேற்ற வால்வு இருக்கைகளைப் பதிப்பது இதற்குத் தீர்வாகும்.

2025 ஆம் ஆண்டளவில் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானது. பெட்ரோல் முழுதும் எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கு போதும. ஆகையால் மாற்றப்படாத கார்புரேட்டர், கலவையை எரிபொருள் குறைந்ததாக்கும், எந்திரம் சூடேறும். எரிபொருள் தாரையின் பரப்பை ஏறத்தாழ 8 விழுக்காடு, அதாவது விட்டத்தை 4 விழுக்காடு கூட்டினால் இது ஈடாகும். பழைய இரப்பர் குழாய்களையும் தக்கைக் காப்பட்டைகளையும் எத்தனாலைத் தாங்கும் பொருள்களால் மாற்றுவது தீவிபத்தைத் தவிர்க்க உதவும். மறுபுறம், எத்தனால் தட்டொலியை எதிர்க்கும் தன்மை உடையதாதலால், முன்னர் இயலாத அமுக்க விகிதங்கள் இன்று இயலுகின்றன.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதிய வழிசெய்தன. இதற்கான புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வண்டி அதன் மூல வடிவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்பகுதியிலோ எந்திரத்திலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது.

ஆகவே திறன் மேம்பாடு, வண்டியின் வரலாற்று மதிப்பையும் பதிவுத் தகுதியையும் பாதிக்கக்கூடும். இக்காரணத்தால் பேணுவோர் பலர் மீட்கத்தக்க மாற்றங்களையே விரும்புவர். கழற்றிய மூலக் கார்புரேட்டர், கூட்டுக்குழாய் முதலியவற்றைப் பாதுகாத்து வைத்தால், வண்டியைப் பழைய நிலைக்குக் கொணர முடியும். தலைப்பகுதியைச் சீவுதல், சிலிண்டரைத் துளைத்தல் ஆகியன மீட்க இயலாதவை. ஹெரால்டின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆனதால், கெட்டுப்போகாத கட்டைகளும் தலைப்பகுதிகளும் ஆண்டுதோறும் அரிதாகி வருகின்றன. கூடுதல் தலைப்பகுதி ஒன்று கிடைப்பின், மேம்பாட்டு வேலைகளை அதில் செய்து, மூலத் தலைப்பகுதியை அப்படியே வைத்திருப்பது சிறந்த நடைமுறையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* அமுக்க விகிதம்
* கார்புரேட்டர்
* பிரீமியர் பத்மினி
* இந்துஸ்தான் அம்பாசடர்
* சோழவரம்